இராவணன் கோட்டையில் கிடைத்த வெள்ளி

கடலில் மூழ்கிய கலங்களையும் அவற்றுள் கிடக்கும் செல்வத்தையும் பற்றிய கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. தீவு ஒன்றின் வரைபடம் ஒருவர் கையில் கிடைக்கும். துணிவுடையோர் சிலர் அவருடன் படகேறிச் செல்வர். இடர் பல கடந்து பொன்னும் மணியுமாக மீள்வர். கதை அவ்வளவில் முடிந்துவிடும். இலங்கைக் கடலில் மெய்யாகவே நிகழ்ந்த புதையல் வரலாறு ஒன்று உண்டு. அது பொருள் கிடைத்ததோடு முடியவில்லை. பொருள் கிடைத்த பின்னரே அதன் சிறந்த பகுதி தொடங்கியது.

இலங்கையின் தென்கிழக்குக் கரையில் கிரிந்த என்னும் மீனவர் ஊர் உள்ளது. அவ்வூருக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், கடலின் நடுவே பாறைத் தொடர் ஒன்று நீர்மட்டத்தில் தலை காட்டியும் மறைந்தும் கிடக்கின்றது. சிங்கள மக்கள் இதனை 'இராவணனின் பெருங்கோட்டை' என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். மாலுமிகளுக்கு இது கோட்டையன்று. கூற்றுவன் வாயிலே ஆகும். இந்தியாவிற்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது. அவ்வழியே பெருங்கலங்கள் செல்ல இயலாது. ஆதலின், மேலைக் கடலிலிருந்து வங்கக் கடலுக்குச் செல்லும் கலங்கள் யாவும் இலங்கையின் தென்முனையைச் சுற்றியே சென்றன. இருளிலும் மழையிலும் பாறை இருக்குமிடம் அறியாது அதன்மேல் மோதி உடைந்தன. 1873 ஆம் ஆண்டில் இப்பாறையின்மீது கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் இங்கு இருளே காவல் புரிந்தது.

ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1956 ஆம் ஆண்டில் இலங்கையில் குடியேறி, 2008 ஆம் ஆண்டில் தாம் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். விண்வெளிப் பயணத்தைப் பற்றிய கதைகளால் உலகப் புகழ் பெற்றவர் அவர். விண்ணை ஆராய்ந்த அவர் உள்ளம் கடலடியையும் விரும்பியது. மைக் வில்சன் என்பவர் அவர்தம் நண்பர்; நீரில் மூழ்கிப் படம்பிடிப்பதில் வல்லவர். பழங்காலத்தில் முத்துக் குளிப்போரும் சங்கு குளிப்போரும் மூச்சை அடக்கிக்கொண்டு, சிறிது நேரமே கடலடியில் தங்க முடிந்தது. 1943 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் உருவான மூச்சுக் கருவி அக்குறையை நீக்கியது. அழுத்திய காற்றை முதுகில் சுமந்து செல்வோர் நீருக்குள் நெடுநேரம் உலவலாயினர்.

1961 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வில்சன் இராவணன் கோட்டைக்குச் சென்றார். இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில்தான் அக்கடல் அமைதியாக இருக்கும். அவருடன் பதினைந்து வயதும் நிரம்பாத அமெரிக்கச் சிறுவர் இருவரும் சென்றிருந்தனர். அவர்கள் புதையல் தேடிச் சென்றவர் அல்லர். கடலடிக் காட்சிகளைப் படம்பிடிக்கவே சென்றனர். ஆயினும், பாறையிடுக்கில் சிறு பீரங்கி ஒன்று அவர்கள் கண்ணிற் பட்டது. அதன் அருகே தேடியபோது கறுத்துப்போன கட்டிகள் சில கிடைத்தன. அவை கற்கள் அல்ல. ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போன வெள்ளிக் காசுகள்! காசுகளைக் கட்டியிருந்த பைகள் மட்கி மறைந்தபோதிலும், பையின் வடிவம் மட்டும் காசுத் திரளில் அப்படியே நிலைத்திருந்தது. வெளிப்புறக் காசுகளைக் கடல்நீர் அரித்திருந்தது. உட்புறத்தில் இருந்தவையோ அக்கசாலையிலிருந்து அன்று வந்தனபோல ஒளிவீசின.

காசுகளில் பாரசீக எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் ஆட்சியில், சூரத்து நகரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்ட ரூபாய்கள். அவற்றில் கண்ட ஆண்டு ஹிஜிரி 1113, அஃதாவது கி.பி. 1701–1702. அக்கால ரூபாய் ஒன்றின் எடை ஏறத்தாழ 11.5 கிராம். ஆகவே, ஆயிரம் காசு கொண்ட பை ஒன்று பதினொன்றரைக் கிலோ எடையுள்ளதாகும்.

இச்சிறு காசுகளைக் கொண்டு அறிஞர் பலவற்றை உய்த்துணர்ந்தனர். காசில் கண்ட ஆண்டிற்கு முன்னர் அக்கலம் மூழ்கியிருக்க முடியாது. காசுகள் கைமாறித் தேயாமல் புத்தம் புதியனவாய், ஒரே ஆண்டின் முத்திரையுடன் இருந்தமையால், அவை அடிக்கப்பட்ட சிறிது காலத்திற்குள் கலமேற்றப்பட்டிருத்தல் வேண்டும். சூரத்து மேலைக் கரையில் உள்ளது; பாறையோ இலங்கையின் தென்முனையைக் கடந்து கிழக்கே உள்ளது. ஆதலின், கீழ்த்திசைத் துறைமுகம் ஒன்றில் வாணிகம் செய்யவே இவ்வெள்ளி சென்றிருத்தல் வேண்டும். விலைக்கு விற்றால் வெள்ளி எடையளவே மதிப்புப் பெறும். வினாவிக் கேட்டாலோ முந்நூறு ஆண்டுக்கு முந்தைய செய்தியைக் கூறும்.

ஆனால், காசுகள் கூற முடியாதவையும் பல இருந்தன. அக்கலத்தின் பெயர் என்ன? யார் அதன் தலைவர்? பாறையில் எவ்வாறு மோதியது? இவற்றிற்கு விடை, பொருள்கள் கிடந்த இடத்திலும் கிடந்த முறையிலும் அடங்கியிருக்கும். கயிற்றிற் கோத்த ஏட்டுச் சுவடியை எண்ணிப் பாருங்கள். கயிறு அறுந்து ஏடுகள் சிதறிவிட்டால், ஒவ்வோர் ஏடும் நல்ல நிலையில் இருந்தாலும் நூலின் தொடர்ச்சி கெட்டுவிடும். மூழ்கிய கலத்திலிருந்து பொருளை அளவின்றி, குறிப்பின்றி எடுப்பதும் அத்தகையதே.

கிளார்க்கும் வில்சனும் பிறர் அறிந்து கவர்ந்து செல்லாதபடி இடத்தை மறைவாக வைத்திருந்தனர். பின்னர் 1963 ஆம் ஆண்டில், பீட்டர் திராக்மார்ட்டன் என்னும் கடலடித் தொல்லியலாரை உடன் அழைத்துக்கொண்டு மீண்டும் அங்குச் சென்றனர். துருக்கிக் கடலில் மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட கலம் ஒன்று ஆராயப்படக் காரணமாயிருந்தவர் அவர். இம்முறை காசுகளை எடுத்ததோடு அமையாது, பொருள்கள் கிடந்த இடங்களை ஆராய்ந்து குறித்தனர். ஆயினும், மரப்பகுதிகளைப் பெரும்பாலும் அலைகள் அழித்துவிட்டிருந்தன. கலத்தின் பெயர் இன்றளவும் உறுதிப்படவில்லை. இம்முயற்சியைக் கிளார்க் 1964 ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார்.

அதே தென்கரையில், கிரிந்தவுக்கு மேற்கே, கொடவாய என்னும் சிற்றூர் உள்ளது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்க் கடலில் மூழ்கிய மீனவர்கள், ஏறத்தாழ 33 மீட்டர் ஆழத்தில் பழம்பொருள்கள் கிடப்பதைக் கண்டனர். பொன்னோ வெள்ளியோ அங்கில்லை. மட்கலங்களும், அம்மி போன்ற கற்பொருளும், கண்ணாடிக் கட்டிகளுமே இருந்தன. அச்செய்தி தொல்லியலாரை எட்டியது. முறையான ஆய்வு நடந்தது. அக்கலம் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்டதென்றும், இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையதென்றும் தெரிந்தது. நம் பூம்புகார்க் கடலிலும் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் மூழ்கிய கலம் ஒன்றை ஆராய்ந்தனர். அதிலிருந்த ஈயக் கட்டிகளில் பொறித்திருந்த 1791, 1792 என்னும் ஆண்டுகளே அதன் காலத்தை உணர்த்தின. விலை குறைந்த ஈயமும் வெள்ளியைப் போலவே வரலாறு கூறிற்று.

மூழ்கிய கலங்களை வாணிகப் பொருளாக்குதல் கூடாது. இயன்றவரை அவற்றைக் கிடந்த இடத்திலேயே காத்தல் வேண்டும் என்பது 2001 ஆம் ஆண்டில் யுனெசுகோ அமைப்பு ஏற்ற உடன்படிக்கையின் கொள்கை. கடலுக்குக் கூறிய இது நிலத்திற்கும் பொருந்தும். நிலத்தில் புதையல் காண்போர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டுமென 1878 ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் விதித்துள்ளது. வயலில் கிணறு வெட்டுவோர்க்கும், திருப்பெரும்புதூர், ஒரகடம் போன்ற இடங்களில் தொழிற்சாலைக்கு அடித்தளம் தோண்டுவோர்க்கும் அக்கடமை உண்டு.

இராவணன் கோட்டையில் மூழ்கிய கலத்தில் மாலுமிகள் பலர் இருந்திருப்பர். அவர்கள் பெயரை நாம் அறியோம். அவர்களைப் பற்றி அறிய எஞ்சியிருந்தவை அப்பாறையிடுக்கில் கிடந்த பொருள்களே. கண்ட பொருளைக் கலைக்காது, கண்ட இடத்தைக் குறித்து, அறிந்தோர்க்கு உரைப்பவரே உண்மையில் புதையல் கண்டவர் ஆவர்.