கார்ட் விற்குமுன் கேட்க வேண்டியவை



சுன்னாகத்தில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி கடைக்கு வந்தார். கதவுகளில் பூவேலை செதுக்கும் சி.என்.சி. மெஷின் அவரிடம் உண்டு. அதை ஓட்டிய கம்பியூட்டர் பழுதாகிவிட, வேறொன்று வாங்கியிருக்கிறார். அதில் 25 ஊசி பேரலல் போர்ட் இல்லை. ஒரு கடையில் யூ.எஸ்.பி. வயரைக் கொடுத்து, இதுவே போதும் என்றிருக்கிறார்கள்.

"நானா, பிரின்டருக்கு வேலை செய்யுது. மெஷின் அசையுதில்லை. கலியாண வீட்டுக் கதவுக்கு முற்பணமும் வாங்கிட்டன்" என்றார்.

அசையாதுதான். அந்த வயர் பிரின்டருக்கென்றே செய்யப்பட்டது. மெஷினின் மோட்டாரோ ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அடி நகர்வது. மாக்3 மென்பொருள் சாதாரணமாக நொடிக்கு 25,000 துடிப்பு வரை போர்ட்டின் ஊசிகள் வழியே நேரம் தவறாமல் அனுப்பும். இதற்கு கம்பியூட்டரின் உள்ளே மதர்போர்டில் செருகும் கார்ட் வேண்டும். அதிலும் நான்கு விடயங்களைப் பார்க்க வேண்டும்.

1. செருகும் இடம்: பி.சி.ஐ.யா, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸா? ஒன்றுக்குரியது மற்றதில் ஏறாது.

2. விண்டோஸ்: மாக்3 பேரலல் போர்ட்டை 32 பிட் விண்டோஸில் மட்டுமே இயக்கும். விண்டோஸ் 7 இன் 32 பிட் பதிப்பு போதும். விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

3. முகவரி: மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டுக்கு வழக்கமாக 378. செருகும் கார்டுக்கு வேறு இலக்கம் விழும். டிவைஸ் மனேஜரில் அதைப் பார்த்து மாக்3 இல் பதிய வேண்டும். இதைச் செய்யாததால் நல்ல கார்டும் "பழுது" என்று திரும்பி வருவதுண்டு.

4. வோல்ட்: சில கார்டுகள் 3.3 வோல்ட்தான் தரும். மெஷினின் போர்ட் 5 வோல்ட் கேட்டால் அடிகள் தவறி, செதுக்கல் கோணலாகும்.

பூட்டியதும் வெட்டும் மோட்டாரை நிறுத்திவைத்து, வெறுமனே ஓட்டிப் பாருங்கள்.

தம்பியிடம் இவற்றைக் கேட்டறிந்து கார்ட் கொடுத்தேன். பொருந்தாவிட்டால் திருப்பித் தரலாம் என்றும் சொன்னேன். மெஷின் ஓடியது, அல்ஹம்துலில்லாஹ்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. பொருந்தாது என்று தெரிந்தும் வாய்மூடி விற்பதும் அந்த ஈரம்தான். தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்வோம். ஒரு விற்பனை போகலாம்; அமானிதம் தங்கும், பரக்கத்தும் தங்கும், இன்ஷா அல்லாஹ்.