படத்தொகுப்பு: தொடங்குவோர்க்கு ஓர் அறிமுகம்

முன்னுரை

குன்றத்தூர் என்றதும் தமிழ் படித்தோர் நினைவுக்கு வருபவர் சேக்கிழார். சோழன் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் வாழ்ந்த அவர் இயற்றிய பெரியபுராணத்துக்கு முதல்நூல், சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை. அது 11 பாடல்களே கொண்டது. அதில் அடியார்கள் வரும் வரிசையைச் சேக்கிழார் மாற்றவில்லை. ஆனால் சுந்தரரின் வரலாற்றை நூலின் தொடக்கத்திலும் இடையிலும் இறுதியிலுமாகப் பிரித்து வைத்து, தனித்தனி வரலாறுகளை ஒரே காப்பியமாக்கினார். எதை முன்வைப்பது, எதைப் பின்வைப்பது, எதை விரிப்பது, எதைச் சுருக்குவது என்று முடிவு செய்வதே தொகுப்பு. அசையும் படங்களில் அதைச் செய்வது படத்தொகுப்பு.

இன்று கைப்பேசியில் படம் எடுக்காத மாணவர் அரியர். எடுத்ததைத் தொகுக்கத் தெரிந்தவரோ சிலரே. அக்கலையின் முதற்படிகளையும், அதனோடு வரும் பொறுப்பையும் இக்கட்டுரையில் காண்போம்.

கத்தரியிலிருந்து கணிப்பொறிக்கு

35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுவதால் ஒரு நிமிடப் படத்துக்கு 90 அடிச் சுருள் வேண்டும். தொகுப்பாளர் மூவியோலா போன்ற கருவியில் சுருளை ஓட்டிப் பார்த்து, வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டுவார். ஒரு ஷாட்டைச் சற்றே நீட்ட நினைத்தால் ஒட்டைப் பிரித்து, முன்பு வெட்டிப் போட்ட துண்டைத் தேடியெடுத்து மீண்டும் ஒட்டவேண்டும்.

1989-இல் அமெரிக்காவில் வெளிவந்த அவிட் என்னும் கணிப்பொறித் தொகுப்பு முறை இதை மாற்றியது. 1994-இல் வெளியான 'மகாநதி' அம்முறையைக் கையாண்ட முதல் இந்தியத் திரைப்படம் என்பர். அன்று பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய வசதி, இன்று மாணவரின் மடிக்கணினியில் இலவசமாகவே கிடைக்கிறது.

எந்த மென்பொருள்?

ஒரு காலத்தில் தொடங்குவோர் பலரும் பயன்படுத்திய விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 ஜனவரியில் கைவிட்டது. இன்று ஷாட்கட், ஓபன்ஷாட், கேடென்லைவ் ஆகிய மூன்றும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முடித்த படத்தின் மேல் தம் முத்திரையையும் பதிப்பதில்லை. டாவின்சி ரிசால்வ் என்பதன் இலவசப் பதிப்பு ஆற்றல் மிக்கது. ஆனால் சாதாரணக் கணினி அதன் பளுவைத் தாங்காது.

நான் பழகியது ஷாட்கட். கைப்பேசியில் எடுத்த எச்.டி. படங்களுக்கு 8 ஜி.பி. நினைவகம் இருந்தால் நல்லது. அதற்குக் குறைந்த கணினி உள்ளோர் 'செட்டிங்ஸ்' பட்டியலில் 'புராக்ஸி' என்பதை இயக்கிக்கொள்ளலாம். அப்போது மென்பொருள் சிறிய நகல்களை உண்டாக்கி அவற்றைக் கொண்டு வேலை செய்யும். முடிவில் மூலப் படத்தையே எடுத்துக்கொள்ளும்.

ஐந்து படிகள்

முதலாவது, எல்லாப் படங்களையும் ஒரே ஃபோல்டரில் வைத்தல். ஷாட்கட்டில் நாம் சேமிக்கும் கோப்பில் படங்கள் இருப்பதில்லை. எந்தப் படம், எந்த வினாடியிலிருந்து எந்த வினாடிவரை என்ற குறிப்பே இருக்கும். எனவே எத்தனை முறை வெட்டினாலும் மூலப்படம் சேதமாவதில்லை. ஆனால் அதை வேறிடத்துக்கு மாற்றினால் மென்பொருளுக்குத் தெரியாமற்போகும்.

இரண்டாவது, எடுத்தவை அனைத்தையும் ஒருமுறை பொறுமையாகப் பார்த்துத் தாளில் குறித்தல். இதைத் தாண்டிச் செல்வோர் பிறகு இருமடங்கு நேரம் இழப்பர்.

மூன்றாவது, வெட்டும் அடுக்கும். ஒரு துண்டைத் திறந்து, தொடக்கத்தில் 'ஐ' விசையும் முடிவில் 'ஓ' விசையும் அழுத்தி, 'ஏ' விசையை அழுத்தினால் அப்பகுதி டைம்லைனில் போய்ச் சேரும். அங்கே 'எஸ்' விசை துண்டை இரண்டாக்கும். 'எக்ஸ்' விசை வேண்டாததை நீக்கி இடைவெளியையும் மூடும். தொடங்குவோர்க்கு இந்த ஐந்து விசைகள் போதும். பக்கம் புரளுவது, நட்சத்திரம் சிதறுவது போன்ற மாற்று வித்தைகளை நாடவேண்டா. நல்ல வெட்டு கண்ணுக்குத் தெரியாது.

நான்காவது, ஒலி. படம் சற்று மங்கினாலும் பார்ப்போர் பொறுப்பர். பேச்சு கேட்காவிட்டால் எழுந்துவிடுவர். பேசுபவர் குரலைக் கீழ்த்தடத்தில் ஓடவிட்டு, அவர் பேசும் பொருளின் காட்சியை மேல்தடத்தில் வைக்கலாம். பின்னணி இசை குரலை மூடலாகாது.

ஐந்தாவது, 'எக்ஸ்போர்ட்' வழியே எம்.பி.4 கோப்பாக வெளியிடுதல். இதைச் செய்த பின்னரே படம் பிறரிடம் ஓடும்.

ஒட்டின் ஆற்றல்

இவற்றை ஒரு வாரத்தில் கற்கலாம். கற்றபின் வருவதே கடினமானது.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ருஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். மோஸ்ஜுகின் என்ற நடிகரின் முகத்தைக் காட்டும் ஒரே ஷாட்டை, ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஒரு குழந்தை, ஒரு பெண் என்ற காட்சிகளோடு தனித்தனியே ஒட்டினார். பார்த்தவர்கள் அம்முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டனராம். முகம் மாறவில்லை, ஒட்டுதான் மாறியது.

இதன் உண்மையை நான் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உணர்ந்தேன். பயிற்சிக்காக அவ்வேரியைப் பற்றி மூன்று நிமிடப் படம் ஒன்று எடுத்தேன். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய அவ்வேரியின் உபரிநீர் நம் குன்றத்தூர்ப் பகுதி வழியாகவே அடையாற்றுக்குப் போகிறது. கரையில் மீன் பிடிக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "2015-ல அந்த ராத்திரி நாங்க யாருமே தூங்கல தம்பி. இப்பல்லாம் முன்கூட்டியே சொல்லிடறாங்க, பயமில்ல."

இதை இருவகையாகத் தொகுத்துப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு வாக்கியங்களும் இருந்தன. மற்றொன்றில் முதல் வாக்கியத்தோடு வெட்டி, அடுத்து அன்றைய கார்மேகத்தைக் காட்டும் ஷாட்டை ஒட்டினேன். வகுப்பு நண்பர்கள் ஐவரிடம் இரண்டையும் காட்டியபோது, இரண்டாவதே விறுவிறுப்பாக இருப்பதாக ஐவரும் சொன்னார்கள். "ஏரியைத் திறக்கப் போகிறார்களா?" என்று ஒருவர் கேட்டார். அந்தப் படத்தில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. படம் எடுத்த நாள், இடம், பேச்சு எல்லாம் மெய். பொய் அந்த ஒரு வெட்டில் இருந்தது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பழைய வெள்ளக் காட்சிகள் புதியவைபோல் கைப்பேசிகளில் உலவுகின்றன. ஏரியின் கீழ்ப்புறம் வாழ்வோர்க்கு அது வெறும் வதந்தியன்று. கைக்குழந்தையோடும் முதியோரோடும் நள்ளிரவில் வீட்டை விட்டுக் கிளம்புவதா இல்லையா என்னும் கேள்வி. பொய்யை நம்பிக் கிளம்புவது துன்பம். பலமுறை ஏமாந்து, மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் கிளம்பாதிருப்பது பெருந்துன்பம்.

ஆகவே தொகுப்போர் மூன்று நெறிகளைக் கொள்ளவேண்டும் என்பேன். பழைய காட்சியைச் சேர்த்தால் ஆண்டையும் மாதத்தையும் அதன் மேலேயே எழுதுக. ஒருவர் பேச்சைச் சுருக்கலாம், கருத்தைத் திருப்பலாகாது. முடித்த படத்தைப் பேசியவர்க்கே முதலில் காட்டுக.

முடிவுரை

வெட்டத் தெரிந்தவர்க்கே பிறர் வெட்டிய இடமும் தெரியும். ஒரு படம் நம்மை அச்சுறுத்தும்போது, 'இவர் இதற்கு முன் என்ன சொன்னார்? பின் என்ன சொன்னார்? இது எந்த ஆண்டு மேகம்?' என்று கேட்கும் பழக்கம் தொகுப்புப் பயிற்சியால் வரும். எனவே எல்லாத் துறை மாணவரும் இதைக் கற்கலாம், கற்கவும் வேண்டும். நம் ஊரின் ஏரியும் கோயிலும் தொழிற்சாலைக்குப் போகும் விடியற்காலைப் பேருந்தும் படமாகக் காத்திருக்கின்றன. அடுத்த விடுமுறையில் மூன்று நிமிடப் படம் ஒன்று தொகுத்துப் பாருங்கள். பெரியவரின் இரண்டாம் வாக்கியம் என் படத்தில் இருக்கிறது.