முன்பாரம், பின்பாரம்



விசையின் திருப்புத்திறன் என்ற பாடத்தை நான் தேர்வுக்காக நெட்டுருப் போட்டிருந்தேன். அதன் பொருளை எனக்கு உண்மையில் கற்பித்தவை ஒரு தண்ணீர் டிரம்மும் ஒரு பாறையுமே. அதைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

கடையநல்லூரில் என் அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கத்தக்க சிறு டிரெய்லர் ஒன்றை அவர் தம் கையாலேயே செய்தார். ஆங்கில் இரும்பால் சட்டம், நடுவே ஓர் அச்சு, இரண்டு சக்கரங்கள், மேலே தார்ப்பாய்க் கூரை. முறைப்படி பதிவு செய்து, பின்விளக்குகளும் பொருத்திய பிறகு, விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை குடும்பத்தோடு கழுகுமலைக்குப் புறப்பட்டோம். தாத்தா, அப்பா, அம்மா, தம்பி, நான் ஆகிய ஐவரும் ஜீப்பில் அமர்ந்தோம். அடுப்பு, அரிசி, பாய், போர்வை, தண்ணீர் எல்லாம் டிரெய்லரில் ஏறின.

நூறு லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர் பிடித்திருந்தோம். குழாயைத் திறக்க எளிதாக இருக்குமே என்று அதை டிரெய்லரின் கடைக்கோடியில் வைக்கச் சொன்னவள் நான்தான்.

புளியங்குடியைத் தாண்டியதும் சாலை நேராக இருந்தது. ஜீப் சற்று வேகம் எடுத்தது. உடனே டிரெய்லர் பாம்பு போல இடமும் வலமும் நெளியத் தொடங்கியது. ஆட்டம் வரவர அதிகமாயிற்று. ஜீப்பையும் சேர்த்து இழுத்தது. எதிரே ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. அம்மா தம்பியை இறுகப் பிடித்துக் கொண்டார். அப்பா பிரேக்கை அழுத்தவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்து, ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்திருந்தார். வேகம் மெல்லக் குறைந்து, ஆட்டமும் அடங்கியது. பேருந்து எங்களைக் கடந்து போயிற்று. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். யாருக்கும் பேச்சு வரவில்லை.

இளமையில் மாட்டு வண்டி ஓட்டியவர் என் தாத்தா. அவர் இறங்கி டிரெய்லரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏலே, வண்டி பின்பாரமா இருக்கு. மாடு கட்டியிருந்தா நுகத்தைத் தூக்கி மாட்டோட கழுத்தை நெரிச்சிருக்கும்," என்றார்.

தோழியரே, இதைக் கணக்காகவே பார்ப்போம். அச்சைத் துலாக்கோலின் நடுப்புள்ளி போல எண்ணிக் கொள்ளுங்கள். டிரம்மில் இருந்த தண்ணீரின் எடை 100 கிலோ. அது அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருந்தது. ஜீப்பில் மாட்டும் கொக்கியோ அச்சுக்கு 2 மீட்டர் முன்னால் உள்ளது. ஆகவே அந்தத் தண்ணீர் கொக்கியை 50 கிலோ அளவுக்கு மேலே தூக்கிக் கொண்டிருந்தது. அதே டிரம்மை அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் வைத்தால், அது கொக்கியை 25 கிலோ அளவுக்குக் கீழே அழுத்தும். எடை மாறவில்லை; இடம்தான் மாறியது. இழுவை வண்டியின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது பொதுவான விதி. வண்டிக்காரர்கள் இதையே முன்பாரம் என்கிறார்கள். முன்பாரம் மிகுந்தாலும் மாட்டின் கழுத்து தாங்காது. அளவு வேண்டும்.

நான் அழுதுவிட்டேன். "வைக்கச் சொன்னது நீயா இருக்கலாம், பாக்காம ஓட்டுனது நான்தான," என்றார் அப்பா. டிரம்மை முன்னே நகர்த்திக் கயிற்றால் கட்டினோம். சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலை வரையில் டிரெய்லர் ஆடவே இல்லை.

அன்றிரவு மலையடிவாரத்தில் உறவினர் ஒருவரின் தோட்டத்தில் தங்கினோம். அம்மா விறகடுப்பில் சோறும் புளிக்குழம்பும் வைத்தார்.

கழுகுமலை தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. ஞாயிறன்று விடியற்காலையிலேயே மலைக்குச் சென்றோம். வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது. முதலில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களையும், கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் குடையப்பட்ட வெட்டுவான் கோயிலையும் கண்டோம். ஒரே பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்து, முற்றுப்பெறாமலே விட்டிருக்கிறார்கள். மேலிருந்து தொடங்கினால் சாரம் கட்ட வேண்டியதில்லை. சிற்பி பாறை மீதே நின்று உளி பிடிக்கலாம். இத்தகைய இடங்களில் படிவழியே செல்ல வேண்டும். சிற்பங்களின் மேல் ஏறவோ பெயர் கிறுக்கவோ கூடாது.

பிறகு, சிற்பங்கள் இல்லாத ஒரு வெறும் சரிவில் அப்பாவோடு ஏறினோம். ஏறுவது எளிதாகவே இருந்தது. இறங்கும்போதுதான் தம்பி பாதிச் சரிவில் பாறையைக் கட்டிப்பிடித்துப் படுத்துக் கொண்டான். அவன் பாதங்கள் வழுக்கின. வழுக்க வழுக்க இன்னும் இறுகப் படுத்தான்.

அப்பா அவனுக்குக் கீழே சென்று நின்று கொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அப்போது எனக்கு டிரம் நினைவுக்கு வந்தது. பயத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டால் உடலின் எடை பாதங்களுக்கு நேர் மேலே இராது. பாதங்கள் பாறையை அழுத்துவதற்குப் பதிலாகச் சரிவின் வழியே கீழ்நோக்கித் தள்ளும். அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும்; வழுக்கத்தான் செய்யும். "தம்பி, பாறையை விட்டு நெஞ்சைத் தூக்கு. பாதத்தை முழுசா ஊன்று. உன் பாரம் எல்லாம் காலுக்கு மேலே இருக்கட்டும்," என்றேன். நடுங்கிக்கொண்டே நிமிர்ந்தான். கால் நின்றது! அடிமேல் அடி வைத்து மூவரும் இறங்கி வந்தோம்.

2021-ல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் சுவரேறுதல் முதன்முதலாக ஒரு போட்டியாகச் சேர்க்கப்பட்டது. அந்த வீரர், வீராங்கனையருக்கும் கையை விடக் காலை நம்பு என்பதே தொடக்கப் பாடம். ஆனால் கயிறு வேண்டிய செங்குத்தான பாறையில், பயிற்சி பெற்றவர் துணையின்றி நாம் ஒருபோதும் ஏறலாகாது. மழை நனைத்த பாறையையும் பாசி படிந்த பாறையையும் நெருங்கவே வேண்டாம்.

திரும்பும்போது சாமான்களை ஏற்றும் பொறுப்பை அப்பா என்னிடமே ஒப்படைத்தார். கனமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னாலும், பாய் போர்வைகளைப் பின்னாலும் வைத்தேன். பிறகு கொக்கியைக் கையால் தூக்கிப் பார்த்தேன். கனத்தது. தாத்தா சிரித்துக்கொண்டே, "இனி மாட்டு வண்டியையும் உன்னை நம்பிக் கொடுக்கலாம் தாயி," என்றார்.

சுமையில்லாத வண்டியும் இல்லை. சுமையில்லாத மனிதரும் இல்லை. அதை எங்கே வைக்க வேண்டும் என்று அறிவதே படிப்பு என இப்போது எண்ணுகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி