சிறுநீரகம் வெறும் வடிகட்டியா?



சிறுநீரகம் என்றதும் நமக்கு ஃபில்டர்தான் ஞாபகம் வரும். அந்த வேலையை மெஷினும் செய்யும் என்று காட்டியவர் நெதர்லாந்து டாக்டர் வில்லெம் கோல்ஃப். 1943-இல் மரச்சட்ட உருளையில் செலோஃபேன் குழாயைச் சுற்றி டயாலிசிஸ் கருவி செய்தார். இன்று வாரம் 3 முறை, முறைக்குச் சுமார் 4 மணி நேரம் எனப் பலர் இச்சிகிச்சையால் வாழ்கிறார்கள்.

ஆனால் ஹார்மோன் விஷயத்தில் மெஷின் தோற்றுப்போகிறது. சிவப்பணு உண்டாக்கும் எரித்ரோபாய்டின் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. மெஷினுக்குச் சுரக்கத் தெரியாது. ஊசிதான் போட வேண்டும். வேலை முடிந்த ஹார்மோன்களைக் கழிப்பதும் சிறுநீரகமே. 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன். யூரியாவின் மூலக்கூறு எடை 60. லெப்டினுக்கோ சுமார் 16,000! சாதாரண டயாலிசிஸ் சவ்வில் யூரியா ஓடிவிடும், லெப்டின் உள்ளேயே தங்கிவிடும். பசி மந்தமாக இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

பசி இல்லாதது ஒருபுறம். மறுபுறம், ஒவ்வொரு டயாலிசிஸிலும் 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலம் வெளியே போய்விடுகிறது. ஒன்றிரண்டு முட்டையின் புரதம் அது! உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்கிறது.

என் பெரியப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. "கிட்னிக்காரன் முட்டை, பருப்பு தொடக்கூடாது" என்று ஊரே சொல்ல, வீட்டில் கஞ்சிதான் கொடுத்தார்கள். ஆள் இளைத்துப்போனார். எங்கள் வீட்டில் படிக்கிற முதல் ஆள் நான்தான். டாக்டர் தந்த உணவுச் சீட்டைப் படித்துச் சொன்னதும் நானே. புரதத்தைக் குறைப்பது டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்குத் தினம் 60 முதல் 72 கிராம். உப்பு, தண்ணீர், பொட்டாசியம் நிறைந்த இளநீர் போன்றவற்றில்தான் கட்டுப்பாடு. அளவை டாக்டரே முடிவு செய்வார்.

நண்பர்களே! நம் தெருவிலும் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கலாம். "பத்தியம் இருங்க" என்று சொல்லாமல், "டாக்டர்கிட்ட சாப்பாட்டு அளவு கேட்டீங்களா?" என்று கேட்போம். நாம் படித்த படிப்பு நாலு பேருக்குப் பயன்படட்டும்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு