வழியில் காற்று இறங்கினால்: சரக்கு வண்டிக்கேற்ற காற்று பம்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மளிகை, அரிசி, தீவனம், காய்கறி என எந்த வியாபாரம் செய்தாலும் நம் உறுப்பினர்களில் பலரிடம் இன்று சொந்தமாக ஒரு சரக்கு வண்டி இருக்கிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்கும், அன்னூர், புளியம்பட்டிப் பக்கத்துக் கடைகளுக்கும், மலை மேல் உள்ள ஊர்களுக்கும் அதில்தான் சரக்கு போய் வருகிறது. வண்டியின் டீசல் கணக்கைப் பைசா சுத்தமாகப் பார்க்கிற நாம், டயர் காற்றை மட்டும் டிரைவர் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். அண்மைக் காலமாகக் கைக்கு அடக்கமான காற்று பம்புகள் பல பெயர்களில் விற்பனைக்கு வந்துள்ளன. பலரும் ஒன்று வாங்கி வண்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அந்தக் குறைவானவர்களில் நானும் இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது.

சென்ற ஆண்டு ஐப்பசியில் மஞ்சூரில் உள்ள இரண்டு கடைகளுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டியில் நானும் டிரைவருடன் போனேன். காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாகப் போகிற காட்டுப் பாதை அது. வெள்ளியங்காட்டைத் தாண்டிவிட்டால் பஞ்சர் கடையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். முள்ளிக்கு மேலே ஏறிக் கொண்டிருந்தபோது பின்சக்கரம் ஒன்று மெதுவாக இறங்க ஆரம்பித்தது. ஸ்டெப்னியோ இரண்டு நாள் முன்பு பஞ்சர் கடையில் போட்டது போட்டபடி கிடந்தது. அது என் தவறு. சரி, புது பம்ப் இருக்கிறதே என்று எடுத்து லைட்டர் சாக்கெட்டில் சொருகினோம். வயரும் குழாயும் சேர்ந்தும் பின்சக்கரத்தை எட்டவில்லை. இழுத்துப் பிடித்து ஒருவாறு மாட்டினால், இரண்டு நிமிடத்தில் வண்டியின் ஃபியூஸ் போயிற்று. மணி நாலரை. "அண்ணா, இது ஆனை வர்ற இடமுங்க. ரொம்ப நேரம் கீழ நிக்காதீங்க" என்றார் டிரைவர். மேலிருந்து வந்த ஒரு வேன்காரர் தம் பழைய கால் பம்பைக் கொடுத்தார். மூன்று பேர் மாற்றி மாற்றி மிதித்து, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தோம்.

அந்தப் பெட்டியின் மேல் "150 பி.எஸ்.ஐ." என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நாம் பேச்சு வழக்கில் "முப்பது பாயிண்டு" என்பது இந்த பி.எஸ்.ஐ. அளவைத்தான். போட்டிருந்தது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரக்கு வண்டிக்காரன் கேட்க வேண்டிய கேள்விக்கு அது பதில் இல்லை. எவ்வளவு அழுத்தம் வரை ஏற்றும் என்பதைவிட, நம் வண்டியின் பின்சக்கரத்துக்கு வேண்டிய அழுத்தத்தில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பதே கேள்வி.

டியூபா, டியூப்லெஸ்ஸா?

பம்ப் வாங்குவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெதுவாகவே கசியும். ஆணியைப் பிடுங்காமல் காற்றை நிரப்பிக்கொண்டு பத்து இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பஞ்சர் கடை வரை போய்விடலாம். கையடக்க பம்பின் முழுப் பயனும் இங்கேதான். டியூப் போட்ட டயரில் ஓட்டை விழுந்தால் காற்று சீக்கிரமே வெளியேறிவிடும். எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது, ஸ்டெப்னிதான் கதி. சரக்கு வண்டிகளில் இன்னும் டியூப் டயர்கள் நிறைய ஓடுகின்றன. அப்படிப்பட்டவர்கள் பம்புக்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் ஸ்டெப்னிக்கும் நல்ல ஜாக்கிக்கும் செலவழிப்பது நல்லது. பம்ப் அவர்களுக்கு இறங்கிப்போன ஸ்டெப்னியை நிரப்ப மட்டுமே உதவும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் வண்டியோடு கொடுக்கப்பட்டிருந்தால், எடை குறைந்த பயணிகள் வாகனங்களில் ஸ்டெப்னி கட்டாயமில்லை. புதுக் கார் எடுப்பவர்கள் டிக்கியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இல்லாத காரில் பம்ப் அவசியம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

சிறிய கார் டயரின் உள்ளே ஏறத்தாழ 30 லிட்டர் இடம் இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே 14.7 பி.எஸ்.ஐ. எனவே காலி டயரில் 32 பாயிண்டு ஏற்ற வேண்டுமானால் வெளிக் காற்றில் சுமார் 65 லிட்டரை உள்ளே தள்ள வேண்டும். 15 அங்குல ரிம் போட்ட பிக்கப் வண்டியின் பின் டயரில் சுமார் 50 லிட்டர் இடம். அதில் 50 பாயிண்டு ஏற்ற 170 லிட்டர் காற்று வேண்டும். கார் டயரைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! கடையில் கார் டயரில் ஏற்றிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, பிக்கப்புக்கும் இது போதும் என்று எடுத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பெட்டியில் "நிமிடத்துக்கு 35 லிட்டர்" என்று போட்டிருந்தால், அது எதிர்ப்பே இல்லாமல் வெறுமனே ஓடும்போது வருகிற அளவாக இருக்கலாம். டயரில் அழுத்தம் ஏற ஏற அது பாதிக்கும் கீழே இறங்கும். சராசரியாக 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 170 லிட்டருக்குப் பதினொரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. சிறு பம்புகள் பலவற்றின் குறிப்புத் தாளில் "10 நிமிடம் ஓட்டினால் அடுத்த 10 நிமிடம் நிறுத்தவும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் சின்ன சிலிண்டர் அவ்வளவு சூடாகும். வேலை முடியும் முன்னே ஓய்வு கேட்கிற பம்ப் அது. ஆகவே எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடும் என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மலை மேல் காற்றின் அடர்த்தி குறைவு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் அதே பம்ப் அதே வேலைக்கு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நேரம் கூடுதலாக எடுக்கும். நீலகிரிக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கரண்டு விஷயம்

என் வண்டியில் ஃபியூஸ் ஏன் போனது என்பதற்கு நம் ஊர் எலக்ட்ரீஷியன் ஒரே வரியில் விடை சொன்னார். பம்ப் 180 வாட். 12 வோல்ட்டில் அது 15 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டுக்கு இருந்தது 10 ஆம்பியர் ஃபியூஸ். வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும், இதற்குப் படிப்பு தேவையில்லை. வண்டிப் புத்தகத்தில் சாக்கெட்டின் ஃபியூஸ் அளவைப் பார்த்துவிட்டு அதற்குள் அடங்குகிற பம்பை வாங்குங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வயர் உருகித் தீப்பிடிக்கும். சரக்கு வண்டிக்கு ஏற்ற பலமான பம்புகளில் சாக்கெட் பிளக்குக்குப் பதிலாக பேட்டரியில் நேராக மாட்டும் கிளிப் இருக்கும். இரண்டு சிலிண்டர் வைத்ததும் கிடைக்கிறது. பிக்கப் வண்டிக்கு என் சிபாரிசு அதுதான். பெரிய லாரிகளில் 24 வோல்ட் என்பதால் 12 வோல்ட் பம்பை அதில் மாட்டவே கூடாது. லாரி டயருக்கு 100 பாயிண்டுக்கு மேல் வேண்டும், அது கையடக்க பம்பின் வேலையும் அல்ல.

சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ளும் பம்புகளுக்கு இன்று கிராக்கி அதிகம். வயர் இல்லை, எந்தச் சக்கரத்துக்கும் எட்டும், மொபெட்டுக்கும் ஆகும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அவற்றின் பெட்டியில் "6,000 எம்.ஏ.ஹெச்." என்று மட்டும் போட்டிருப்பது, எடை சொல்லாமல் மூட்டை எண்ணிக்கையை மட்டும் சொல்லி விலை பேசுவது போன்றது. வோல்ட்டையும் சேர்த்துப் பெருக்கினால்தான் சக்தி தெரியும். 3.7 வோல்ட்டாக இருந்தால் 6,000 எம்.ஏ.ஹெச். என்பது 22 வாட்-மணி. 7.4 வோல்ட்டாக இருந்தால் 44 வாட்-மணி. 100 வாட் மோட்டார் 12 நிமிடம் ஓடினாலே 20 வாட்-மணி தீர்ந்துவிடும். முதல் வகை பம்ப் ஒரு பிக்கப் டயரை நிரப்பினால் அதிகம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் இந்த பேட்டரிகளின் ஆயுள் குறையும். சும்மா இருந்தாலும் சார்ஜ் சிறிது சிறிதாக இறங்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து சார்ஜ் போட யாருக்கு ஞாபகம் இருக்கிறது? நம் கடைகளில் எமர்ஜென்சி விளக்கின் கதி என்ன என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

இதையெல்லாம் பார்க்கும்போது கால் பம்பை ஒதுக்கிவிட முடியவில்லை. விலை மலிவு, ஃபியூஸ் இல்லை, சார்ஜ் இல்லை. இரட்டை சிலிண்டர் உள்ளதாக, அடிப்பாகம் கனமான தகட்டில் செய்ததாகப் பார்த்து வாங்கினால் மலைப் பாதையில் கைவிடாது. காலுக்குத்தான் வலி.

பெட்டியும் பில்லும்

காற்றுக் கம்ப்ரஸர் என்றால் நம் கோவைக்கு நாடு முழுவதும் பெயர் உண்டு. 1960-ல் கோவையில் தொடங்கிய எல்ஜி நிறுவனம் இன்று உலகின் பல நாடுகளுக்குக் கம்ப்ரஸர் அனுப்புகிறது. ஆனால் கையடக்க பம்புகளில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி, பெயர் மட்டும் ஒட்டி விற்கப்படுகிறவையும் நிறைய. இங்கே நம் தொழில் அனுபவம் உதவும். நாம் விற்கும் பருப்புப் பாக்கெட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றனவோ, அவை இந்தப் பெட்டிக்கும் பொருந்தும். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய இடம் எல்லாம் இருக்க வேண்டும். முகவரி இல்லாத பெட்டிக்கு வாரண்டி எங்கிருந்து வரும்? நம் ஜி.எஸ்.டி. எண்ணைச் சொல்லிப் பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய அன்றே சோதனை

தராசு வாங்கினால் படிக்கல் வைத்துப் பார்க்காமல் யாரும் வியாபாரம் ஆரம்பிப்பதில்லை. பம்புக்கும் அப்படியே. வாங்கி வந்த அன்று சாயங்காலம் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, பின் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, புது பம்பால் ஏற்றிப் பாருங்கள். வயர் எட்டுகிறதா, எத்தனை நிமிடம் ஆகிறது, எவ்வளவு சூடாகிறது என்பது தெரிந்துவிடும். பின்பு பங்கிலோ பஞ்சர் கடையிலோ உள்ள கேஜில் அழுத்தத்தைப் பார்த்து, பம்பின் கேஜோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று பாயிண்டு வித்தியாசம் இருந்தால் அதை பம்பின் மேலேயே பேனாவால் எழுதி வைத்துவிடலாம். ஆறேழு என்று போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சில கருவிகள் கிலோ பாஸ்கலில் காட்டும். 100 கிலோ பாஸ்கல் என்பது 14.5 பாயிண்டு.

எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். பாரம் ஏற்றினால் ஒரு அளவு, காலி வண்டிக்கு ஒரு அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதையே ஏற்ற வேண்டும் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். ஓடிய டயர் சூட்டில் சில பாயிண்டு கூட்டிக் காட்டும், அதற்காகக் காற்றை இறக்கிவிடக் கூடாது. நைட்ரஜன் நிரப்பிய டயரில் சாதாரணக் காற்றைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான்.

சரக்கோடு காற்றில்லாமல் சிறிது தூரம் ஓடிவிட்ட டயரை மட்டும் பம்ப் வைத்து நிரப்பாதீர்கள். பக்கவாட்டில் உள்ளே இருக்கும் கம்பியோ நூலோ அறுந்திருந்தால் காற்று ஏறும்போது வெடிக்கும், ஆளையே தூக்கி அடிக்கும். ரிம்மை விட்டு டயர் விலகிவிட்டாலும் சிறு பம்பால் திரும்ப உட்கார வைக்க முடியாது. நல்ல டயராக இருந்தாலும் நிரப்பும்போது அதன் பக்கவாட்டுக்கு நேர் எதிரே நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். மேட்டில் நிறுத்தியிருந்தால் மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகே குனிய வேண்டும். நிரப்பி முடித்ததும் பம்பின் பித்தளை முனை கொதிக்கும், துணி வைத்துக் கழற்றுங்கள்.

என் வண்டியில் இப்போது பேட்டரி கிளிப் வைத்த இரட்டை சிலிண்டர் பம்ப் ஒன்றும், டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு கால் பம்பும் இருக்கின்றன. அந்த 180 வாட் பம்பை வீட்டுக் காருக்குக் கொடுத்துவிட்டேன். அதன் சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் என்று வண்டிப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன். இருந்தாலும் இழுக்கிற அளவும் ஃபியூஸ் அளவும் ஒன்றாக இருப்பதால், ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதில்லை. ஸ்டெப்னியைப் பஞ்சர் கடையில் போட்டால் அன்றே எடுத்து வரும்படி டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன், மறந்துவிடாமலிருக்கக் கடைக் காலண்டரில் நானும் குறித்து வைக்கிறேன்.