பனிக்கடியில் ஒரு குரல்

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. அங்குள்ள ரேடார் வானை நோக்கி வானொலி அலைகளை அனுப்பி, மீண்டு வரும் மெல்லிய அலைகளைக் கேட்டறிகிறது. அனுப்புதல், கேட்டல் என்னும் இவ்விரு செயல்களையும் கையடக்கக் கருவி ஒன்றும் செய்கிறது. பனிச்சரிவில் புதைந்தோரைக் கண்டறிய உதவும் அக்கருவிக்கு டிரான்ஸீவர் என்று பெயர்.

2016 பிப்ரவரி 3 அன்று, சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த படைமுகாம் ஒன்றைப் பனிச்சரிவு மூடியது. மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டவர். ஒருவர் ஆந்திரத்தின் கர்நூலைச் சேர்ந்தவர். பல நாள் தேடலுக்குப் பின் ஹனுமந்தப்பா என்னும் கன்னட வீரர் ஒருவரே உயிருடன் மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று அவரும் உயிர்நீத்தார்.

பனிக்குள் அத்தனை நாள் உயிர்தாங்குதல் மிக அரிது. கால்மணி நேரம் கடந்தாலே பிழைக்கும் வாய்ப்பு விரைந்து குறையும். ஆதலின், உடன் சென்றவரே உடனே தேடித் தோண்டுதல் வேண்டும். இதற்காகவே, பனிச்சறுக்குப் பயணம் செல்வோர் ஒவ்வொருவரும் டிரான்ஸீவரை உடலோடு அணிகின்றனர். அது 457 கிலோஹெர்ட்சு அதிர்வெண்ணில் இடையறாது அலை பரப்பும். ஒருவர் புதைந்தால், ஏனையோர் தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றுவர். திசையை அம்புக்குறியும் தொலைவை எண்ணும் காட்டும்.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? நாள்தோறும் புறப்படுமுன் அதனைச் சோதித்தல் வேண்டும். முதலில் மின்கலத்தின் அளவைப் பார்க்க வேண்டும். அடுத்து, தலைவர் அலை பரப்ப, ஏனையோர் தேடும் நிலையில் நின்று தம் கருவி கேட்கிறதா என அறிவர். பின்னர் அனைவரும் பரப்பும் நிலைக்கு மாறி, இடைவெளி விட்டு ஒவ்வொருவராகத் தலைவரைக் கடந்து செல்வர். அவர் தேடும் நிலையில் நின்று ஒவ்வொரு கருவியின் அலையையும் உறுதிசெய்வார். கைப்பேசி அலையைக் குலைக்கக்கூடும். எனவே அதனை விலக்கி வைப்பர்.

இறுதிப் படி ஒன்று உண்டு. தலைவர் தம் கருவியைப் பரப்பும் நிலைக்கு மீட்டல் வேண்டும். அதனை மற்றொருவர் சோதித்தல் வேண்டும். மறந்தால், எல்லார் குரலையும் கேட்டவர் புதையும்போது அவர் குரல் எவர்க்கும் கேளாது. பிறரைச் சோதிப்பவரும் சோதிக்கப்பட வேண்டியவரே.

அருஞ்சொற்பொருள்
அரிது – எளிதில் நிகழாதது
இடையறாது – தொடர்ந்து
ஏனையோர் – மற்றவர்கள்

பயிற்சி
1. புதைந்தவரை உடன் சென்றவரே தேட வேண்டும் என்பது ஏன்?
2. சோதனையின் படிகளை வரிசைப்படுத்தி எழுதுக.
3. வருமுன் காத்தலை வலியுறுத்தும் குறளைக் 'குற்றங்கடிதல்' அதிகாரத்தில் கண்டறிந்து எழுதுக.