ஒரே மேஜையில் மூவர்



ஆலையில் வேலைநிறுத்தம் என்ற செய்தி வந்தால் நம் வீடுகளில் பேச்சு இரண்டாகப் பிரிகிறது. கூலிக்குப் போகிறவர் வீட்டில் ஒரு நியாயம். கடையோ பட்டறையோ வைத்திருப்பவர் வீட்டில் வேறொரு நியாயம். சர்க்கார் என்ன செய்கிறது என்று இரு வீட்டாரும் கேட்கிறார்கள். முதலாளி, தொழிலாளி, சர்க்கார் ஆகிய இம்மூவரும் சண்டை மூளுவதற்கு முன்னமே ஓரிடத்தில் கூடி, நாட்டின் கூலி, விலை, வேலை முதலியவற்றை ஆலோசிக்கக் கூடுமா? கூடும் என்று காட்டியவர்கள் ஒல்லாந்து தேசத்தார். அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

நெதர்லாந்து என்றும் சொல்லப்படும் அந்தத் தேசத்தில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரையைக் காக்க எல்லாரும் கூடியே தீரவேண்டியிருந்ததால் அவர்களுக்குப் பேசித் தீர்க்கும் குணம் வந்தது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. அதே தேசத்தில் 1903-ல் ரயில்வே தொழிலாளரின் வேலைநிறுத்தம் கடுஞ்சட்டத்தால் அடக்கப்பட்டது. அப்போதும் கடல் அங்கேதான் இருந்தது!

மெய்யான மாறுதல் யுத்த காலத்தில் உண்டாயிற்று. 1940-ல் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்துக்கொண்டு, தொழிற்சங்கங்களையும் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். அந்த வருஷங்களில் முதலாளிமாரின் தலைவர்களும் சங்கத் தலைவர்களும் இரகசியமாய்க் கூடிப் பேசினார்கள். ஒரே ஆபத்துக்குள் இருந்தபடியால், எதிராளி சொல்வதையும் காது கொடுத்துக் கேட்கப் பழகினார்கள். 1945 மே 5-ந் தேதி விடுதலை. மே 17-ந் தேதியே இரு தரப்பாரும் சேர்ந்து 'உழைப்பின் ஸ்தாபனம்' என்ற அமைப்பை உண்டாக்கிவிட்டார்கள். சர்க்கார் உத்தரவிட்டு அது பிறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சர்க்காருக்கு ஆலோசனை சொல்லும் பெரிய சபை 1950-ம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. அதற்குச் சமூகப் பொருளாதார சபை என்று பெயர். இங்கே நம் திருச்சபையின் போதகத்துக்கும் பங்கு உண்டு. 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ல் தொழிலாளரைக் குறித்து நிருபம் எழுதினார். அதன் நாற்பதாம் ஆண்டில், 1931-ல், 11-ம் பத்திநாதர், ஒரு தொழிலைச் சேர்ந்த எஜமானரும் உழைப்பாளரும் ஒரே அமைப்பில் கூடவேண்டும் என்று போதித்தார். குருமடத்தில் நாங்கள் இதைப் படித்தபோது, இது காகிதத்தில் மட்டும் நிற்கும் காரியம் என்றே நான் நினைத்தேன். ஒல்லாந்துக் கத்தோலிக்கர் இதற்காகப் பாராளுமன்றத்தில் உழைத்தார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஆனால் இத்தாலியில் முசோலினியும் கூட்டமைப்பு என்றுதான் பேசினார். அங்கே சுதந்தரச் சங்கங்களை ஒழித்துவிட்டு, மிச்சமிருந்தவர்களை மேஜையில் உட்கார வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாதவன் சொல்லும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

ஒல்லாந்துச் சபையில் முதலில் 45 பேர்: முதலாளிகள் தரப்பில் 15, சங்கங்கள் தரப்பில் 15, முடியரசின் பேரால் நியமிக்கப்பட்ட நிபுணர் 15. பின்னாளில் இது பதினொன்று பதினொன்றாக 33 ஆயிற்று. மந்திரிகள் இதில் அங்கத்தினர் அல்லர்; சர்க்கார் கேட்கிறது, சபை பதில் சொல்கிறது. மூன்றாம் தரப்பான நிபுணர்கள் சர்க்காரின் கட்டளைக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அன்றியும், 1945-ல் ஏற்பட்ட மத்தியத் திட்ட நிலையம் கணக்குகளைத் தயாரித்தது. அதன் முதல் தலைவர் யான் டின்பெர்கன். 1969-ல் பொருளாதாரத்துக்கு முதன்முதலாக நோபெல் பரிசு பெற்ற இருவரில் ஒருவர். இந்தக் கணக்கு நிலையத்தை நான் மிகவும் மெச்சுகிறேன். கூலி ஏறினால் விலை எவ்வளவு ஏறும் என்பதில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டு பேசினால், விடியும்வரை பேசினாலும் பயன் இல்லை. குடும்பத்தில் பாகப்பிரிவினை பேசியவர்களுக்கு இது தெரியும்.

1951-ல் கொரிய யுத்தத்தின் விளைவாய் நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்தது. மக்கள் செலவைக் குறைக்கவேண்டும் என்று சபை ஆலோசனை சொன்னது. கூலியின் வாங்கும் சக்தி 5 சதவீத அளவுக்குக் குறைவதைச் சங்கங்கள் ஏற்றுக்கொண்டன. தங்கள் ஆட்களிடம் போய் இதை எடுத்துச் சொல்வது அந்தத் தலைவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! அடுத்த சில ஆண்டுகளில் வேறொரு பலன் கிடைத்தது. முதியோர் பென்ஷன் பற்றிச் சபை 1954-ல் ஆலோசனை வழங்க, 1957 ஜனவரி முதல் 65 வயதானவர்க்கெல்லாம் பென்ஷன் வந்தது.

அதே 1954-ல் நம்மவர்களாலேயே ஒரு விரிசல் உண்டாயிற்று. சோஷலிஸ்டுச் சங்கத்தில் சேரும் கத்தோலிக்கருக்குத் தேவதிரவிய அநுமானங்கள் மறுக்கப்படும் என்று ஒல்லாந்து மேற்றிராணிமார் நிருபம் விடுத்தார்கள். சங்கங்களுக்கிடையே இருந்த கூட்டுறவு முறிந்தது. 1965-ல் அத்தடை நீக்கப்பட்டது. பிற்காலத்தில் அந்தச் சோஷலிஸ்டுச் சங்கமும் கத்தோலிக்கச் சங்கமும் ஒரே சங்கமாய் இணைந்தன. மறைக்க வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. எல்லைக்கு அப்பால் ஜெர்மனியில் அதிகக் கூலி கிடைப்பதைக் கண்ட தொழிலாளர் இனியும் அடங்கி இருக்கவில்லை. 1964-ல் ஒரே ஆண்டில் கூலி பத்து சதவீதத்துக்கும் மேல் ஏறியது. 1970-களில் சபையில் ஒருமித்த ஆலோசனை அரிதாயிற்று. வேலையில்லாதோர் தொகை பெருகிய நிலையில், 1982 நவம்பர் 24-ல் சங்கத் தலைவர் விம் கோக்கும் முதலாளிகள் தலைவர் கிறிஸ் வான் வேனும் வாசனார் உடன்படிக்கை செய்தார்கள். விலைவாசிக்குத் தக்கபடி தானாகக் கூலி ஏறும் உரிமையைத் தொழிலாளர் விட்டுக்கொடுத்தார்கள்; வேலை நேரத்தைக் குறைத்துப் பலருக்கும் வேலையைப் பகிர முதலாளிகள் இசைந்தார்கள். உடன்படாவிட்டால் சர்க்கார் தானே கூலியில் கைவைக்கும் என்ற பயமும் இருவரையும் நெருக்கியது. விம் கோக் 1994-ல் பிரதம மந்திரியானார்.

அதற்குப் பிறகு ஏராளமானோருக்கு வேலை கிடைத்தது மெய். ஆனால் அவற்றில் பல அரைநேர வேலைகள். அவற்றில் பெரும்பாலானவை பெண்களுக்கு வந்தவை. 1950-களில் நூற்றுக்கு நாற்பது பேர் போலச் சங்கங்களில் இருந்தார்கள். இப்போது இருபதுக்கும் குறைவு. ஆயினும் சங்கமும் முதலாளிகளும் செய்யும் கூலி ஒப்பந்தங்கள் பெரும்பாலான தொழிலாளரைக் கட்டுப்படுத்துகின்றன. சபையின் ஆலோசனையைச் சர்க்கார் கேட்டே தீரவேண்டும் என்ற கட்டாயமும் 1995-ல் நீக்கப்பட்டது. 2013-ல் எரிசக்தி உடன்படிக்கைக்காகச் சுற்றுச்சூழல் சங்கங்களையும் சபை தன் மேஜைக்கு அழைத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் கையெழுத்திட்டன. தற்காலிக வேலைக்குப் போகும் இளைஞன் எந்த நாற்காலியில் உட்காருவான் என்ற கேள்விக்கு அங்கே இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.